நீளும் கையும் விறைக்கும் கையும்

கோல்ஃப் பழக வருகிறவரின் காதில் முதல் வாரத்திலேயே விழுகிற கட்டளை, 'இடது கையை மடக்காதீர்கள்' என்பது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களை வைத்துப் பேசுகிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். கட்டளையைக் கேட்டவர் அடுத்த கணம் என்ன செய்கிறார் என்று கவனித்தால் போதும், அதில் உள்ள சிக்கல் தெரிந்துவிடும். முழங்கையைப் பூட்டிக்கொள்கிறார். அந்தப் பூட்டு மேலேறித் தோளைப் பிடிக்கிறது, கீழிறங்கி மணிக்கட்டைப் பிடிக்கிறது. கழுத்து இறுகுகிறது. கை நேராகத்தான் இருக்கிறது, ஆனால் ஸ்விங் செத்துப்போகிறது. கட்டளையில் பிழையில்லை, அது போய்ச் சேர்ந்த மூட்டுதான் பிழை. கிளப்பைப் பின்னோக்கி உயர்த்தும் பேக்ஸ்விங்கில் இடது கை நேராக நிற்பது, உடல் சரியாகத் திரும்பியதால் கிடைக்கும் பலன். அதை முழங்கையிடம் நேரடியாகக் கேட்டு வாங்க முடியாது என்பதே என் கருத்து.

கணக்கிலிருந்து தொடங்கலாம். தோள்மூட்டிலிருந்து முழங்கை வரை 30 சென்டிமீட்டர், முழங்கையிலிருந்து பிடிவரை 33 சென்டிமீட்டர் உள்ள ஒரு கையை எடுத்துக்கொள்வோம். முழுக்க நீட்டினால் 63. முழங்கை 15 டிகிரி மடிந்தால் தோளுக்கும் பிடிக்கும் இடையே உள்ள தூரத்தில் அரை சென்டிமீட்டர்தான் குறைகிறது. 30 டிகிரி மடிந்தால் 2 சென்டிமீட்டர். 60 டிகிரி என்றால் 8 சென்டிமீட்டருக்கும் மேல். 90 டிகிரிக்குப் போனால் 18. முதல் சில டிகிரிகள் ஏறக்குறைய இலவசம், அதற்குப் பிறகுதான் விலை எகிறுகிறது. கோல்ஃப் பந்தின் குறுக்களவு குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் பாதி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். பந்தைத் தொடும் நேரத்திலும் முழங்கை 30 டிகிரி மடிந்தே இருந்தால், வேறெதுவும் ஈடுகட்டாதபோது, கிளப்பின் கீழ்விளிம்பு பந்தின் அடியை அல்ல, நடுவைத்தான் தட்டும். ஆகவே நீளம் முக்கியம்தான். ஆனால் அந்த அரை சென்டிமீட்டரைக் காப்பாற்றுவதற்காகக் கை முழுவதையும் கட்டையாக்கிக்கொள்வது கட்டுப்படியாகாத வியாபாரம்.

பென் ஹோகன் 1957-ல் வெளியிட்ட 'ஃபைவ் லெசன்ஸ்' நூலில், ஸ்விங் நடக்கும்போது இரு கைகளில் ஒன்று எப்போதும் நீண்டிருக்க வேண்டும் என்கிறார். நீண்டிருத்தல் வேறு, விறைத்திருத்தல் வேறு. தமிழில் யோசிக்கும்போது இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடுகிறது. குழந்தைக்குப் பழம் கொடுக்க நீளும் கை நேராகத்தான் இருக்கும், அதில் முறுக்கு இருக்காது. அப்படியானால் நீள வேண்டிய கை ஏன் மடிகிறது? தோள்கள் திரும்புவதை நிறுத்திய பிறகும் கைகள் மேலே போய்க்கொண்டே இருப்பதால். தேர்ந்த ஆட்டக்காரர் முழு ஸ்விங்கில் தோள்களை 90 டிகிரி அளவுக்கும் இடுப்பை அதில் பாதிக்கும் திருப்புகிறார். தோள் 60 டிகிரியில் நின்றுவிட்டால், கிளப்பை உச்சிக்குக் கொண்டுபோக மிச்சமிருக்கும் ஒரே வழி முழங்கையை மடக்குவது. இன்னொரு காரணம் வலது கை. அது செங்கோணத்தைத் தாண்டி மடிந்து தன் தோளை நெருங்கினால், அதே பிடியைப் பற்றியிருக்கும் இடது கையையும் இழுத்துக்கொண்டுதான் போகும். இடது முழங்கை பாவம், மற்றவர்கள் செய்த பிழைக்கு அது மடிந்து கொடுக்கிறது. அதைத் திட்டித் திருத்துவது காய்ச்சலுக்கு வெப்பமானியைக் கடிந்துகொள்வது போல.

விறைப்பை ஆதரிப்பவர்கள் இயற்பியலைத் துணைக்கு அழைப்பதுண்டு. காக்ரனும் ஸ்டாப்ஸும் 1968-ல் எழுதிய 'தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்' நூல் ஸ்விங்கை இரண்டு நெம்புகோல்களாகப் பார்த்தது: கைகள் ஒன்று, கிளப் மற்றொன்று, இரண்டுக்கும் நடுவே மணிக்கட்டு ஒரு கீல். மேல் நெம்புகோல் உறுதியாக இருக்க வேண்டாமா என்பது கேள்வி. வேண்டும். ஆனால் அந்த மாதிரியில் வேகத்தின் பெரும்பகுதி கீல் தாராளமாகத் திறப்பதில் இருக்கிறது. முழங்கையை இறுக்குகிறவர் அதோடு மணிக்கட்டையும் இறுக்காமல் இருப்பது அரிது. முதல் நெம்புகோலைக் காக்கப் போய்க் கீலைத் துருப்பிடிக்க விடுகிறார். மேலும், கீழிறங்கும்போது கையை நேராக்கும் வேலையைக் கிளப்பே செய்கிறது. 200 கிராம் எடையுள்ள டிரைவர் தலை, ஒன்றரை மீட்டர் ஆரத்தில், விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் சுழன்றால் அது வெளிப்புறமாக இழுக்கும் இழுப்பு 20 கிலோ எடையைத் தாண்டும். தொழில்முறை ஆட்டக்காரரின் 50 மீட்டர் வேகத்தில் 30 கிலோவுக்கும் மேல். தினைப்புனத்தில் கவண் சுற்றியவர் யாரும் கயிற்றை நேராக வைக்கப் பாடுபட்டிருக்க மாட்டார். கல்லே அதை நேராக்கிவிடும்.

அப்படியானால் மேலே எவ்வளவு மடிந்தாலும் கவலையில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உச்சியிலிருந்து பந்துக்கு வரக் கால் விநாடிதான் ஆகிறது. பத்துப் பதினைந்து டிகிரி மடிப்பு அதற்குள் தானாக விரிந்துவிடும். அறுபது டிகிரி மடிப்பு ஒரு முறை முழுக்க விரியும், மறுமுறை முக்கால்தான் விரியும். நடுவழியில் திருத்திக்கொள்ள நேரமே கிடையாது. ஒரு பந்து தலையில் அடிபடுவதும் அடுத்ததற்கு முன்னால் மண் பெயர்வதும் இதனால்தான்.

வரலாறும் எதிர்வாதங்களை வைத்திருக்கிறது. 1896 முதல் 1914 வரை பிரிட்டிஷ் ஓப்பனை 6 முறை வென்ற ஹாரி வார்டனின் இடது முழங்கை உச்சியில் நன்றாக மடிந்திருக்கும். அவர் ஆடியது ஹிக்கரி மரத்தண்டுகளைக் கொண்டு. முறுகிக்கொள்ளும் அந்தத் தண்டுக்கு அவசரப்படாத தாளம் தேவை. அந்தத் தாளம்தான் மடிந்த கை விரிந்து வர அவருக்கு அவகாசம் தந்தது என்று நினைக்கிறேன். பிரிட்டனில் எஃகுத் தண்டு அனுமதிக்கப்பட்டதே 1929-ல்தான். இதைவிட வலுவான எதிர்ச்சான்று கால்வின் பீட். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து உடைந்த அவரது இடது முழங்கை பிறகு முழுதாக நீளவே இல்லை. அந்தக் கையோடு பிஜிஏ டூரில் 12 பட்டங்கள் வென்றார். 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் டிரைவிங் துல்லியத்தில் முதலிடம். 1984-ல் அவர் பெற்றது வார்டன் பெயரிலேயே வழங்கப்படும் விருது! பீட்டின் கை மடிந்திருந்தது, ஆனால் அந்த மடிப்பு மாறவில்லை. தொடக்கத்திலும் உச்சியிலும் பந்தருகிலும் அதே நீளம். கிரிக்கெட்டில் முத்தையா முரளிதரனின் முழங்கையைச் சுற்றி நடந்த சர்ச்சையைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பிறவியிலேயே முழுதாக நீளாத கை அவருடையது. பந்துவீச்சில் 15 டிகிரி வரை அனுமதிக்கும் விதி, கை எவ்வளவு மடிந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை, வீசும்போது எவ்வளவு நிமிர்கிறது என்றுதான் அளக்கிறது. கோல்ஃபுக்கும் அளவுகோல் அதுவாகவே இருக்க வேண்டும்.

ஐம்பதைக் கடந்தவர்களுக்கு, நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர்களுக்கு, 90 டிகிரி திரும்புவது நடக்கிற காரியமா? இடது குதிகாலைத் தரையிலிருந்து எழவிட்டால் இடுப்பு இன்னும் கொஞ்சம் திரும்பும். 18 மேஜர் பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸ் அப்படித்தான் ஆடினார். அப்போதும் போதாவிட்டால் ஸ்விங்கைக் குறைத்துக்கொள்ளலாம். வலது பாதம் வளைந்து பிறந்த ஜான் ராம், கணுக்கால் முழுதாக அசையாததால் குட்டை பேக்ஸ்விங்கோடு ஆடுபவர். 2021-ல் யுஎஸ் ஓப்பனையும் 2023-ல் மாஸ்டர்ஸையும் வென்றார். உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்கக் கிளப்பை இடது கையில் மட்டும் பிடித்து, வலது உள்ளங்கையை இடது மேற்கையின் பின்புறம் லேசாக வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்புங்கள். மார்பு நிற்கும் இடத்தில் கையும் நிற்கட்டும். அதற்குமேல் போனால் முழங்கை தளர்வது வலது உள்ளங்கைக்கே தெரியும். அந்த இடம் முக்கால் ஸ்விங்காக இருந்தால் முக்காலோடு அடியுங்கள். பத்து கஜம் குறைந்தால், எட்டாம் அயர்னை வைத்துவிட்டு ஏழாம் அயர்னை எடுத்துக்கொள்ளலாம்.