படகின் பெயரும் பயணியின் பெயரும்

இணையத்தில் எவரேனும் அவதூறு எழுதிவிட்டால், "ஐபி முகவரியை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்" என்று கூறுவோர் நம்மிடையே பலர். "ஐபி முகவரி கண்டறியப்பட்டது" எனும் வரியைப் பத்திரிகைச் செய்திகளிலும் அடிக்கடி காண்கிறேன். அத்துடன் ஆளும் அகப்பட்டுவிட்டார் என்றே வாசகர் எண்ணிக்கொள்கிறார்.

விடயம் அவ்வளவு எளிதன்று. ஐபி நான்காம் பதிப்பில் உள்ள முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான். அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. ஆகவே கைத்தொலைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்துகின்றன. முன்னர் புரொக்சி எனப்படும் இடைநிலைக் கணினிகளின் பின்னாலும் பயனாளர்கள் இவ்வாறே மறைந்து நின்றனர்.

தீவகத்தவருக்கு இதை விளக்குவது சுலபம். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குக் குமுதினி வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். "குமுதினியில் வந்தவர் ஒருவர் களவெடுத்தார்" என்றால் யாரைப் பிடிப்பது? ஐபி முகவரி என்பது படகின் பெயர் மட்டுமே. பயணிகளின் பெயர்ப்பட்டியல் இணையச் சேவை வழங்குனரிடம் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் சரியான ஆளைத் தேடுவதற்கு, எழுதப்பட்ட நேரம் விநாடி சுத்தமாக வேண்டும். அதனுடன் 'போர்ட்' எனப்படும் துறை இலக்கமும் வேண்டும். இணையத்தளங்கள் இவ்விலக்கத்தையும் பதிந்து வைக்கவேண்டும் என்று இணையப் பொறியியலாளர் அமைப்பு 2011இலேயே பரிந்துரைத்தது. அதைப் பதியாத தளத்தின் குறிப்பேட்டில் எஞ்சுவது படகின் பெயர்தான். புரொக்சிகள் பயனாளரின் உண்மை முகவரியைத் தலைப்புக் குறிப்பாக அனுப்புவதும் உண்டு. ஆனால் அக்குறிப்பை எவரும் பொய்யாக எழுதிவிடலாம். நம்பத்தக்க புரொக்சியிலிருந்து வந்தாலன்றி அதற்குப் பெறுமதி இல்லை.

எம்மவர் பலர் தொழில் புரியும் கட்டாரில் நடந்ததைப் பாருங்கள். 2007 புத்தாண்டு வேளையில், விஷமத்தனம் செய்த ஒரு முகவரியை விக்கிப்பீடியா தடை செய்தது. அந்நாட்டின் இணையப் போக்குவரத்து அந்த முகவரி வழியாகவே சென்றுகொண்டிருந்தது. எவரோ சிலர் செய்த குறும்புக்காக, கணக்குத் தொடங்காமல் எழுதும் வாய்ப்பை ஒரு நாடே சில மணிநேரம் இழந்தது.

அங்கே இழப்பு அவ்வளவுடன் முடிந்தது. அதே 2007 ஓகஸ்ட்டில் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியியலாளர் கைதானார். ஓர்குட் தளத்தில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்தும் படம் இட்டார் என்பது குற்றச்சாட்டு. ஐபி முகவரிக்கு உரியவர் இவரே என்று சேவை வழங்குனர் கொடுத்த தகவல் பிழையானது. குற்றமற்ற அவர் 50 நாட்கள் சிறையில் இருந்தார்.

பட்டியல் சரியாக இருந்தாலும் அது காட்டுவது இணைப்பின் உரிமையாளரைத்தான். எங்கள் தீவுகளில் அம்மம்மாவின் அடையாள அட்டையில் பெற்ற சிம் பேரனின் கையில் இருக்கும். அந்த இணைப்பை அயல்வீட்டுப் பிள்ளையும் பாவிப்பான். பொலிஸார் வந்து படலையைத் தட்டினால் யாரைக் கேட்பார்கள்?

இலங்கையில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இத்தகைய வழக்குகளில் வெறும் ஐபி முகவரி சான்றாக வைக்கப்பட்டால், சட்டத்தரணிகளும் செய்தியாளரும் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். நேரம் எந்த நாட்டுக் கணக்கு? துறை இலக்கம் எங்கே? அவ்வேளையில் கருவி யார் கையில் இருந்தது? இவற்றுக்கு விடை கிடைக்குமுன் ஒருவரின் பெயரை அச்சேற்றுவது அறமன்று.