பொறக்காத போனுக்கு இன்னா பேரு?

விடியற்காலையில் படாளம் கூட்ரோட்டில் நிற்கிற எல்லோரும் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் இல்லை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஜடையோடு ஜி.எஸ்.டி சாலையோரம் நிற்கிற பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். பாலாற்றுப் பாலம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி 'மகேந்திரா சிட்டி' வரைக்கும் போகிற பஸ். அங்கே இருக்கிற கம்பெனிகளில் ஒன்றில்தான் ஐபோன் தயாராகிறது.

அந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஊரில் கூடுதலாக ஒரு தொல்லை. "ஏம்மா, மடக்குற ஐபோன் வரப் போவுதாமே... இன்னா பேரு வெக்கப் போறாங்க? உனக்குத் தெரியாமலா இருக்கும்?" டீக்கடை பெரியப்பாவிலிருந்து பத்தாவது படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பி வரை கேட்டுவிடுவார்கள்.

தெரியாது என்றால் நம்புவதில்லை. கல்யாணப் பந்தி பரிமாறுகிறவருக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேர் தெரியாதா என்பது மாதிரியான கேள்வி இது. ஆனால், உண்மையிலேயே தெரியாது. ஒரு போனைக் கையால் தொட்டுச் செய்கிறவர்களுக்குத்தான் அதன் பேர் கடைசியாகத் தெரியும். பேரைப் பற்றி ஊகிக்கிற வேலையெல்லாம் அதைப் பார்த்தே இராதவர்கள் செய்வது.

மகேந்திரா சிட்டி தொழிற்சாலையை 2022 செப்டம்பர் 30 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். தைவானின் பெகாட்ரான் நிறுவனம், 1,100 கோடி ரூபாய் முதலீடு, 14,000 பேருக்கு வேலை என்று அப்போது சொன்னார்கள். 2025 ஜனவரியில் அதன் 60 சதவிகிதப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிவிட்டது. போனின் பேரை ஊகித்துக்கொண்டிருந்த நேரத்தில் தொழிற்சாலையின் பேரே மாறிவிட்டது. ஊர் வாயில் மட்டும் அது இன்னும் பெகாட்ரான்தான். அந்தப் பேருக்கும் ஒரு கதை உண்டு. கிரேக்கப் புராணத்தின் சிறகு முளைத்த குதிரை 'பெகாசஸ்'. அதன் வாலை வெட்டி 'ஆசஸ்' என்று பேர் வைத்துக்கொண்டது ஒரு தைவான் கம்ப்யூட்டர் கம்பெனி. அதிலிருந்து பிரிந்த உற்பத்திப் பிரிவு, மிச்சமிருந்த தலையை எடுத்துக்கொண்டு 'பெகாட்ரான்' ஆனது.

சரி, போனுக்கு வருவோம். இப்படிப்பட்ட கம்பெனிகளில் வெளிவராத பொருளுக்குப் பேர் இருக்காது, குறியீடுதான் இருக்கும். முதல் ஐபோன் வேலை நடந்தபோது ஆப்பிளுக்குள்ளேயே அதை 'பர்ப்பிள்' என்றுதான் சொன்னார்கள். ஐபேடுக்கு 'கே48'. இந்த கே48 ஒருவரின் வேலையையும் நிம்மதியையும் காலி செய்திருக்கிறது. 2009 அக்டோபரில் கலிஃபோர்னியாவில், ஆப்பிளுக்கு உதிரிபாகம் சப்ளை செய்த ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் கம்பெனி அதிகாரி ஒருவர் பங்குச்சந்தை ஆட்களுக்குப் போனில் தகவல் சொன்னார். ஏதோ புதுசாக வருகிறது, உள்ளே அதைக் கே48 என்கிறார்கள், இந்தப் பேரைச் சொன்னாலே சீட்டு கிழிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே பேரையும் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சை எஃப்.பி.ஐ பதிவு செய்துகொண்டிருந்தது. 2010 டிசம்பரில் கைது. 2011 ஜூலையில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அவராவது பெரிய பதவியில் இருந்தவர். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, வீட்டுக்கு முதல்முறையாக மாதச் சம்பளம் கொண்டுவருகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். தம்பியின் காலேஜ் ஃபீஸ், அம்மாவின் சீட்டுப் பணம், வைத்த நகையை மீட்பது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். அவளிடம் போய் விளையாட்டாக, "சும்மா சொல்லும்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கேட்பது அவ்வளவு விளையாட்டு இல்லை. கேட்கிறவர் அடுத்த நிமிடம் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார் என்பது அவளுக்கும் தெரியும்.

பொருளுக்குப் பேர் இல்லாமல் நம்பர் இருப்பது படாளத்துக்குப் புதிதும் இல்லை. மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது இந்த ஊரில்தான். கரும்புக்காரர்களிடம் என்ன ரகம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் '86032' என்பார்கள். கோவையில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ரகம் அது. முழுப் பேர் கோ 86032. 'கோ' என்றால் கோயம்புத்தூர், 86 என்றால் தேர்ந்தெடுத்த வருடம் 1986. அதற்கு 'நயனா' என்று அழகான ஒரு பேரும் உண்டு. வயலில் இறங்கி நயனா என்று கூப்பிட்டுப் பாருங்கள், கரும்பு வெட்டுகிறவர் யாரோ பொண்ணைத் தேடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்!

ஆனால், போன் விற்பனை கரும்பு மாதிரி இல்லை. அங்கே பேர்தான் பாதி வியாபாரம். அதனால்தான் பிள்ளை பிறக்கும் முன்பே உலகம் முழுக்கப் பேர் தேடுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பிறக்காத பிள்ளைக்குத் துணிகூட வாங்க விட மாட்டார்கள், அது தனி விஷயம்.

இந்தப் பேர் ஜோசியத்தின் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. 2010 ஜனவரிக்கு முன், வரப்போகிற டேப்லெட் பேர் 'ஐஸ்லேட்' என்று அடித்துச் சொன்னார்கள். வந்தது ஐபேட். 2011-ல் 'ஐபோன் 5' என்றார்கள். அக்டோபர் 4 அன்று மேடையில் வந்தது 4எஸ். கைக்கடிகாரத்துக்கு 'ஐவாட்ச்' என்று பல வருடம் எழுதினார்கள். 2014 செப்டம்பரில் வந்தது ஆப்பிள் வாட்ச். 'ஐபோன் 15 அல்ட்ரா' என்றார்கள், அது ப்ரோ மேக்ஸாகவே இருந்தது. கண்ணில் மாட்டுகிற சாதனத்துக்கு 'ரியாலிட்டி ப்ரோ' என்று சத்தியம் செய்தார்கள். 2023 ஜூனில் 'விஷன் ப்ரோ' என்று வந்து நின்றது. 2025-ல் ஒல்லியான போனுக்கு முதலில் '17 ஸ்லிம்', அப்புறம் '17 ஏர்' என்றார்கள். செப்டம்பர் 9 அன்று நம்பரைக் கழற்றிவிட்டு வெறும் 'ஐபோன் ஏர்' ஆக்கிவிட்டார்கள். ஏரைப் பிடித்தவர்களுக்குப் பாதி மார்க் கொடுக்கலாம்.

முழு மார்க் வாங்கியவர்களும் உண்டு. ஐஓஎஸ் 18-க்குப் பிறகு 19 வராது, நேராக 26 என்று 2025 மே மாதம் ப்ளூம்பெர்க் செய்தி சொன்னபோது நிறைய பேர் நம்பவில்லை. ஜூனில் அதுவே நடந்தது.

பேரை இவ்வளவு பொத்திப் பொத்தி வைப்பதற்குக் காரணம் வெறும் பந்தா இல்லை. பேர் என்பது சொத்து, பட்டா மாதிரி. ஐபோன் என்ற பேரே முதலில் ஆப்பிளுடையது அல்ல. சிஸ்கோ கம்பெனியிடம் இருந்தது. 2006 டிசம்பரில்தான் அந்தப் பேரில் சிஸ்கோ ஒரு போனை இறக்கியிருந்தது. 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனைக் காட்டினார். மறுநாளே வழக்கு. பிப்ரவரியில் இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டார்கள். ஐபேட் விஷயத்தில் ஆப்பிள் உஷாராக, தன் பேரே தெரியாமல் வேறொரு சின்ன கம்பெனியை முன்னால் நிறுத்தி, தைவானின் ப்ரோவியூவிடமிருந்து பேரை 35,000 பவுண்டுக்கு வாங்கியது. பினாமி பேரில் கிரயம் பண்ணுவதை நம்மூர் மட்டும்தான் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். அப்படியும் சீனாவில் மட்டும் அந்தப் பேர் ப்ரோவியூவின் இன்னொரு கிளையிடம் மாட்டிக்கொண்டது. 2012-ல் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் மீட்டார்கள். வாங்குகிறவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

கூட்ரோட்டில் ஒரு மொபைல் கடை வைத்திருப்பவருக்கும் இந்தப் பேர்க் கணக்கு உண்டு, கொஞ்சம் சின்ன அளவில். பேக் கவரும் டெம்பர் கிளாஸும் மாடல் பேரை வைத்துத்தான் ஸ்டாக் எடுக்கிறார்கள். பேரும் அளவும் தப்பினால் அத்தனையும் அட்டைப்பெட்டியோடு மூலையில் கிடக்கும். 2011-ல் வராத ஐபோன் 5-க்கு வதந்தியை நம்பிக் கவர் தயாரித்து வெளிநாட்டுக் கம்பெனிகளே கையைச் சுட்டுக்கொண்டன. ஒரே போனுக்கு இரண்டு பேர் என்கிற கூத்து வேறு. 2019-ல் இந்தியாவில் 'ரெட்மி கே20' என்று விற்ற போனுக்கு ஐரோப்பாவில் 'மி 9டி' என்று பேர். அங்கிருந்து போன் கொண்டுவருகிறவர் கவர் கேட்டால், விஷயம் தெரியாத கடைக்காரர் இல்லை என்று அனுப்பிவிடுவார். கவர் பின்னால் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

பேர் மட்டும் இருந்து பொருள் இல்லாமல் போன கதையும் நம் நாட்டில் நடந்தது. 2016 பிப்ரவரியில் 'ஃப்ரீடம் 251' என்று ஒரு ஸ்மார்ட்போன் அறிவிப்பு. நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் கம்பெனி, விலை 251 ரூபாய். அந்த வாரம் அந்தப் பேரைச் சொல்லாத வாயே இல்லை. முன்பதிவு தொடங்கியதும் இணையதளம் முடங்கியது. பத்திரிகையாளர்களுக்குக் காட்டிய போனைச் சுரண்டிப் பார்த்தால், 'ஆட்காம்' என்ற வேறு கம்பெனிப் பேரை ஒயிட்னர் பூசி மறைத்திருந்தார்கள்! பள்ளிக்கூடத்தில் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் செய்கிற வேலை. மறு வருடம், பணம் கட்டிய விநியோகஸ்தர் புகாரில் கம்பெனி நிர்வாகி கைதானார். புதுப் பேரைக் கேட்டதும் 'முன்பதிவு' என்று லிங்க் வந்தால், படாளத்திலோ பாரிமுனையிலோ யார் அனுப்பியிருந்தாலும் தொடாமல் இருப்பதே நல்லது.

இப்போது மடக்கு போன். இது எழுதப்படும் நேரம் வரை ஆப்பிள் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அதை 'ஐபோன் ஃபோல்டு' என்கிறார்கள். அது நடக்குமா என்பது சந்தேகம்தான். 2019-லேயே சாம்சங் 'கேலக்ஸி ஃபோல்டு' என்று வைத்துவிட்டது. 2023-ல் கூகுள் 'பிக்சல் ஃபோல்டு' விட்டது. விவோவிடமும் ஒரு ஃபோல்டு இருக்கிறது. ஊரில் நான்கு முருகன் இருக்கிற தெருவில் ஐந்தாவது பிள்ளைக்கும் முருகன் என்று ஆப்பிள் வைத்ததாகச் சரித்திரம் இல்லை. 'அல்ட்ரா'வுக்கு வாய்ப்பு அதிகம். வாட்சில் ஏற்கெனவே வைத்துப் பழகிய பேர்.

நம்பரிலும் சகுனம் பார்ப்பார்கள். 2017-ல் 8-க்குப் பக்கத்திலேயே '10' வந்தது. 9 என்று ஒரு ஐபோன் வரவே இல்லை. சீன மொழியில் நான்கின் உச்சரிப்பு மரணத்தை நினைவூட்டும் என்பதால் ஒன்பிளஸ் கம்பெனி 3டி-க்குப் பிறகு நேராக 5-க்குத் தாவியது. கூட்டினால் எட்டு வருகிற வண்டி நம்பர் வேண்டாம் என்று ஆர்.டி.ஓ ஆபீஸில் நிற்கிற நம்மாட்களுக்கு இதெல்லாம் சர்வசாதாரணம்.

தமிழில் இதற்கு என்ன பேர் வைப்பது? கைபேசி, அலைபேசி, செல்பேசி என்று போனுக்கே மூன்று பேர் வைத்து, கடைசியில் 'செல்லு' என்று கூப்பிடுகிறவர்கள் நாம். ஆனால், 2011-ல் பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, 'மடி' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதில் மடி என்றால் தொடைமேல் வைக்கிற மடி. மடக்கு போனை 'மடிபேசி' என்றால் மடிக்கிற மடியும் அதுவே. புடவையில் காசு முடிந்துவைக்கிற மடியும் அதுவேதான். விலை இரண்டு லட்சத்தைத் தொடும் என்பதும் வதந்தியில் அடக்கம் என்பதால், மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

உண்மைப் பேர் தெரிகிறபோது கலிஃபோர்னியாவில் காலை 10 மணியாக இருக்கும். நம்மூரில் இரவு பத்தரை. நைட் ஷிஃப்டில் இருக்கிற பெண்கள், செல்லை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே வேலையில் இருப்பார்கள். கூட்ரோட்டுக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு யூடியூபில் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு லட்ச ரூபாய் போனுக்கு அவரிடம் கவர் கேட்டு யாரும் வரப்போவதில்லை. புதுப் பேர் ஒன்று வந்தால் பழைய பேர்களின் விலை இறங்கும், அவருக்கு வேண்டியது அதுதான். பேர் காதில் விழுந்த கையோடு சென்னை ரிச்சி தெரு வியாபாரிக்கு மெசேஜ் போகும்: "அண்ணே, 13-க்கு இப்ப இன்னா ரேட்டு?"