சோலைவரியும் சொந்த வீடும்

யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவோர் முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்பார்கள். கிணற்றுத் தண்ணீர் நல்லதா? உறுதியில் வில்லங்கம் உண்டா? அயல் எப்படி? இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வளவு மாநகரசபைக்குள் வருகிறதா, பிரதேசசபைக்குள் வருகிறதா, எங்கே வரி குறைவு என்பதே அது. இக்கேள்வி பெரும்பாலும் கடல் கடந்து வருகிறது. ஸ்காபரோவில் வசிக்கும் என் மருமகனும் தொலைபேசியில் அதைத்தான் கேட்டான். "மாமா, கந்தர்மடத்தில் ஒரு வீடு, திருநெல்வேலியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் வரி குறைவு?"

அவன் வாழும் ஊரில் அது நியாயமான கேள்வி. ரொறன்ரோவுக்கும் மார்க்கத்துக்கும் நடுவே ஸ்டீல்ஸ் வீதி எல்லையாக ஓடுகிறது. அதன் தெற்கே வீடு வாங்குபவர் ஒன்ராறியோ மாகாணத்தின் காணி மாற்று வரியோடு, 2008 முதல் ரொறன்ரோ மாநகரம் தனியாக அறவிடும் மாற்று வரியையும் செலுத்தவேண்டும். வடக்கே மாகாண வரி மட்டுமே. ஒரு தெருவைக் கடந்தால் பல்லாயிரம் டொலர் மிஞ்சும். அந்தக் கணக்கைப் பழகியவர்கள் அதையே பலாலி வீதிக்கும் கொண்டுவருகிறார்கள்.

பலாலி வீதியில் கந்தர்மடத்தைத் தாண்டித் திருநெல்வேலிக்குள் நுழையும்போது யாழ்ப்பாண மாநகரசபையின் ஆட்சி முடிந்து நல்லூர்ப் பிரதேசசபையின் ஆட்சி தொடங்குகிறது. எல்லைகளின் விநோதம் ஒன்றையும் சொல்லவேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இருப்பது மாநகரசபைக்குள். நல்லூரின் பெயரைத் தாங்கிய பிரதேசசபையோ திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் முதலிய ஊர்களை ஆள்கிறது. 1949இல் உருவான மாநகரசபையும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த பிரதேசசபையும் வெவ்வேறு சட்டங்களின் பிள்ளைகள். ஒன்று நகரத்துக்கென எழுதப்பட்ட சட்டம், மற்றது கிராமத்துக்கென எழுதப்பட்டது. ஆனால் 1974இல் பல்கலைக்கழக வளாகம் வந்த பின்னர் திருநெல்வேலியைக் கிராமம் என்று யார் சொல்வார்? மாணவர் விடுதிகளும் சந்தையும் கடைத்தொகுதிகளும் நெருங்கிய அந்த ஊர், சட்டத்தின் கண்ணுக்கு மட்டுமே இன்னும் பிரதேசம்.

இனி வரிக்கு வருவோம். அரச ஆவணங்கள் ஆதனவரி என்கின்றன. எங்கள் சனங்கள் சோலைவரி என்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த வருடாந்தப் பெறுமதியில் இத்தனை சதவீதம் என்று சபை அறவிடுகிறது. மாநகரசபை தன் எல்லை முழுவதிலும் இதை விதிக்கலாம். பிரதேசசபையோ குடியிருப்பு வளர்ந்த இடமெனப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில்தான் விதிக்கலாம். கட்டணம் காலாண்டுக்கு ஒன்று. ஜனவரி 31க்குள் ஆண்டு முழுவதற்கும் செலுத்துவோருக்குப் பத்துச் சதவீதக் கழிவு உண்டு.

உதாரணமாக, ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதி 20,000 ரூபா, வரி பத்துச் சதவீதம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 2,000 ரூபா. ஜனவரியில் கட்டினால் 1,800. எல்லையின் மறுபக்கத்தில் சதவீதம் பாதியானாலும் மிச்சம் 1,000 ரூபாதான். மதிப்பீடு பழையதாக இருக்கும்வரை இந்தத் தொகையும் சிறிதாகவே இருக்கும். மறுமதிப்பீடு வரும் ஆண்டில் இன்றைய கணக்கு முழுவதும் மாறிவிடும்.

வாங்கும்போது ஒரே தடவை செலுத்தும் முத்திரை வரியோடு இதை ஒப்பிடுங்கள். விலையின் முதல் ஒரு லட்சத்துக்கு மூன்று சதவீதம், எஞ்சியதற்கு நான்கு சதவீதம். ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 3,99,000 ரூபா. மேற்சொன்ன உதாரணத்தின்படி அது ஏறக்குறைய இருநூறு ஆண்டுச் சோலைவரி! எல்லையின் இருபுறமும் விகிதம் ஒன்றே. அந்தப் பணம் மாகாண நிர்வாகத்தின் ஊடாக ஆதனம் அமைந்துள்ள சபைக்கே போய்ச் சேரவேண்டியது என்பது பலருக்குத் தெரியாது. உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவிக்கும் கெட்டித்தனத்தால் தன் வாசலில் எரியவேண்டிய தெருவிளக்கின் காசைத்தான் ஒருவர் மிச்சம்பிடிக்கிறார்.

ஆகவே மருமகனிடம் வரியை விட்டு வேறு மூன்றைப் பார்க்கச் சொன்னேன்.

முதலாவது, பாக்கி. சோலைவரிப் பாக்கி ஆளைத் தொடர்வதில்லை, ஆதனத்தைத் தொடர்கிறது. 1990இலும் 1995இலும் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகள் எத்தனையோ ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. உரிமையாளர் பாரிஸிலோ மெல்பேர்னிலோ இருக்க, அறிவித்தல் காலமாகிவிட்ட பாட்டனாரின் பெயரில் வந்துகொண்டிருக்கும். அற்றோணித் தத்துவத்தின் பேரில் விற்பவருக்கும் அது தெரியாமல் இருக்கலாம். நொத்தாரிசிடம் போகுமுன் சபை அலுவலகத்துக்குப் போய்ப் பாக்கியில்லை என்பதையும், பதிவேட்டில் யாருடைய பெயர் உள்ளது என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். வீதிக்கோட்டுச் சான்றிதழும் அவசியம். வீதி அகலும்போது மதில் மட்டும் போகுமா, விறாந்தையும் போகுமா என்பதை அது சொல்லும்.

இரண்டாவது, நிலத்தின் கீழுள்ளது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே எங்கள் செல்வம். மலக்கழிவு வீட்டுக்கு வீடு குழியில்தான் இறங்குகிறது. இரண்டு பரப்பு வளவுக்குள் கிணறும் குழியும் அடங்கவேண்டுமென்றால், அடுத்த வளவுக் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது வரிக்கணக்குப் பார்ப்பதிலும் மேலானது. இதில் மாநகரமும் பிரதேசமும் ஒன்றே.

மூன்றாவது, வரிக்குக் கிடைக்கும் கைம்மாறு. குப்பை வண்டி எத்தனை நாளுக்கு ஒருதடவை ஒழுங்கைக்குள் வருகிறது? மார்கழி மழையில் வெள்ளம் எந்த வாய்க்காலால் வடிகிறது? அயலவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வரி குறைந்த சபை பெரும்பாலும் கை வறண்ட சபை. அதன் எல்லைக்குள் மிச்சம்பிடித்த ஆயிரம் ரூபாவை ஒரே மழையில் வீட்டுக்குள் புகும் வெள்ளம் திருப்பி வாங்கிவிடும்.

இதற்குப் பின்னால் இன்னொரு சங்கடம் உண்டு. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை நாட்டின் உள்ளூராட்சி சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கின. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆனால் வளவின் விலையை உயர்த்தும் புலம்பெயர்ந்த உரிமையாளருக்கு இங்கே வாக்கில்லை. வாக்குள்ள வாடகைக் குடியிருப்பாளரின் கைக்குச் சோலைவரி அறிவித்தல் வருவதில்லை. வாக்கும் வரியும் இப்படிப் பிரிந்து நிற்கும் ஊரில், வரியை உயர்த்தி வாய்க்கால் வெட்டுவேன் என்று சொல்ல எந்த உறுப்பினருக்குத் துணிவு வரும்? வரி குறைவாக இருப்பதற்கும் வாய்க்கால் அடைபட்டுக் கிடப்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

கந்தர்மடமோ திருநெல்வேலியோ, நல்ல கிணறுள்ள பக்கம் வாங்குங்கள். வாங்கிய பின் ஜனவரி முடியுமுன் சோலைவரியைக் கட்டிவிட்டு, அந்தப் பணம் எங்கே போனது என்று ஆண்டுதோறும் கேளுங்கள். அப்படிக் கேட்கும் உரிமையைத்தான் அந்த ரசீது தருகிறது.