டேலி ஆகாத கணக்கு

கொல்கத்தா வந்த புதிதில் ஒருநாள் சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை. இருபதாயிரம் குறைவு. "கேஷியர் பையன் மேல தள்ளிவிடுங்க சார், நீங்க தப்பிச்சிடலாம்" என்றார் ஒருவர். மூன்று ராத்திரி தூக்கமில்லை. பணம் கிடைக்கணும் ஆண்டவரே என்பதைத் தவிர வேறு ஜெபமே வரவில்லை.

ஞாயிறன்று செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் உட்கார்ந்திருந்தேன். 1847ல் பிரதிஷ்டையான ஆலயம். 1897, 1934 என்று இரண்டு பூகம்பங்களில் கோபுரம் அடிவாங்கியது. இப்போதிருப்பது அதற்கப்புறம் கட்டியது. ஆராதனை மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

பவுல் ஞாபகம் வந்தது. பிலிப்பியருக்கு சமாதானத்தைப் பற்றி எழுதினாரே, அப்போது அவர் காவலில் இருந்தார். விடுதலை வரட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருக்கவில்லை. என் ஜெபம் மாறியது. பணம் கிடைக்காவிட்டாலும் பொய் சொல்லாமலிருக்க பெலன் தாரும் என்று கேட்டேன்.

திங்கட்கிழமை, நோட்டுக்கட்டுகளை எண்ணிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். பணம் கடைசிவரை கிடைக்கவில்லை. பாதியை நான் கட்டினேன், வீட்டில் திட்டும் வாங்கினேன்.

சஸ்பென்ஸ் கணக்கில் இருந்த தொகை தீர ரொம்ப நாளாயிற்று. தூக்கம் அன்றைக்கே வந்துவிட்டது.