கைப்பிடி அரிசி

தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த இடையன்குடியிலே, 1841-ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த கால்டுவெல் ஐயரின் நெடிய பிரயாசையால் எழும்பி 1880-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் முதல் மணி ஒலிக்குமுன்பே எழுந்து, ஜெபித்து, அடுப்பு மூட்டி, உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தேவனுக்கென்று தனிப்பானையில் இட்ட பிறகே எங்களுக்குச் சோறு பொங்கியவர் என் பெரியம்மை. வீட்டில் அரிசி அருகிய நாட்களிலும் அந்தப் பிடி சிறுத்ததில்லை. ஞாயிறன்று அது காணிக்கையாய்ச் சபைக்குப் போய்விடும். அதைத் தியாகம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் சம்மதித்திருக்கமாட்டார்.

கால்டுவெலின் மனைவி எலைசா அம்மையார் அவ்வூர்ப் பெண்களுக்குப் பழக்கிய லேஸ் பின்னலைப் பெரியம்மை தம் பாட்டியிடம் கற்று, அந்தச் சொற்ப வருமானத்தைக் கொண்டே எங்கள் மூவரையும் படிக்கவைத்தார். பிரசவ வீடாயினும் துக்க வீடாயினும், ஜாதி மத பேதம் பாராமல், அழைப்புக்குக் காத்திராமல் முதலில் போய் நிற்பவர் அவரே. சபையின் அசன விருந்துக்குக் காய் நறுக்குகையில் அவருடைய அரிவாள்மணையின் அருகில் உட்கார எங்களுக்குள் போட்டியே நடக்கும்.

நண்பர்களே, உங்கள் ஊர்ச் சபையிலும் அப்படியொரு பெரியம்மை இருப்பார். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரருகே சற்று அமர்ந்து, அவர் சொல்வதைக் கேளுங்கள்.