எழுத்தில் நிற்கும் உரிமை

நுழையும்முன்

வீட்டுக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் விதிகள் உண்டு. வீட்டின் விதிகளை எவரும் எழுதிவைப்பதில்லை. ஊரின் விதிகள் பல, பெரியோரின் நினைவிலேயே வாழ்கின்றன. அவ்வாறிருக்க, நாட்டுக்கு மட்டும் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் ஏன் வேண்டும்? சேர்வராயன் மலையின் வரலாற்றை முன்வைத்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

சொல்லே சட்டமாக

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் சாலை, ஏற்காட்டின் ஏரிக்கரையில் சென்று சேர்கிறது. ஏரியும் காடும் இணைந்து பெயர்தந்த ஊர் அது. காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களும் அவற்றைப் பற்றிப் படரும் மிளகுக்கொடிகளும் இன்று அம்மலையின் அடையாளங்கள். இத்தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். மலையை ஆள்பவர் என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தோர் மூவர், சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மூன்று மலைகளில் குடியேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

அம்மக்களின் வாழ்வை நெறிப்படுத்தியது எழுத்தன்று, வழக்காறு. ஊர்கள் பல சேர்ந்து ‘நாடு’ என வகுக்கப்பட்டன. ஊர்த்தலைவரும் பெரியோரும் கூடியமர்ந்து நிலத்தகராற்றையும் மணமுறிவையும் தீர்த்துவைத்தனர். எந்தப் பாறைவரை எவருடைய கொல்லை என்பதை ஊரே அறிந்திருந்தது. ஊரே சாட்சி, நினைவே ஆவணம். ஒருவரை ஒருவர் அறிந்து வாழும் சிறு குழுவுக்கு அந்த ஏற்பாடு பெரிதும் போதுமானதாக இருந்தது.

தாளோடு வந்தவர்கள்

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன், இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். அவரைத் தொடர்ந்து ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மலையேறினர். அவர்களிடம் காசு இருந்தது. அதனினும் வலிய ஒன்றாகப் பட்டா என்னும் தாள் இருந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்கு மலைமக்களிடம் இருந்த சான்று, பாட்டன் சொன்ன சொல் மட்டுமே. தாளும் சொல்லும் எதிரெதிர் நின்றபோது கச்சேரியில் தாளே வென்றது. தோட்டங்கள் விரிய, மலைமக்களின் கொல்லைகள் சுருங்கின. இறுதியில் அவர்களுடைய ஊர்களைச் சுற்றி நிலம் ஒதுக்கி எல்லை குறிக்க ஆங்கிலேய அரசே முன்வர வேண்டியதாயிற்று. அந்த எல்லையைக் காத்ததும் எழுத்தே.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. எழுதப்படாத உரிமை, அதை அறிந்தவர் நடுவில் மட்டுமே உரிமையாகும். அறியாத ஒருவர், அதுவும் வலிமை மிக்கவர், எதிரே வந்து நிற்கும்போது அதைச் சுட்டிக்காட்ட இடமில்லை. நாடு என்பதோ அறியாதவர் பலகோடிப் பேர் கூடி வாழும் இடம்.

கல்லிலிருந்து ஏட்டுக்கு

விதிகளை எழுதிவைப்பது தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூர்ச் சபை தன் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் பொறித்தது. உறுப்பினராக வருபவர் முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபது வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் போட்டியிட இயலாது. இவ்விதிகளை நினைவில் மட்டும் வைத்திருந்தால், கணக்குக் காட்டாதவர் செல்வாக்குடையவராக இருக்கும்போது அவற்றை மறந்துவிடுவது எளிதாகியிருக்கும். கல் மறப்பதில்லை. ஆயினும், நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே அச்சபையில் இடமிருந்தது. எழுதியவர் தம்மை மட்டும் எழுதிக்கொண்டால் எழுத்தும் ஒருசாராரின் வேலியாகிவிடும் என்பதற்கு அக்கல்வெட்டே சான்று.

1946 டிசம்பர் 9 அன்று கூடிய அரசியல் நிர்ணய சபையின்முன் இருந்த பெரும்பணி, அனைவரையும் எழுத்துக்குள் கொணர்வதே. டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழுவில் சென்னையைச் சேர்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி பங்கேற்றார். அன்றைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலத்தில் பிறந்த ப. சுப்பராயன் சபை உறுப்பினராக இருந்தார். 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்ற ஜெய்பால் சிங் முண்டா, பழங்குடி மக்களின் குரலாக அச்சபையில் பேசினார். மக்களாட்சியைப் பழங்குடியினருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்தே மற்றவர் கற்கலாம் என்பது அவர் வாதம். வழக்காற்றின் பெருமையை அறிந்திருந்த அவரே, அம்மக்களின் உரிமைகள் எழுத்தில் இடம்பெறப் போராடினார்.

1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 395 பிரிவுகளையும் 8 அட்டவணைகளையும் கொண்டிருந்தது. அதன் 326ஆம் பிரிவு, சொத்தோ கல்வியோ கேளாமல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. 332ஆம் பிரிவு, மாநிலச் சட்டமன்றங்களில் பழங்குடியினருக்கு இடம் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இரு தொகுதிகளுள் ஒன்று ஏற்காடு. மற்றொன்று கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம். பட்டாவின்முன் ஒருகாலத்தில் பேச்சிழந்து நின்ற மக்கள், சட்டம் இயற்றும் அவையில் பேசுவதற்கு இடம் பெற்றனர்.

தெரிந்து தெளிவோம்

பிரிட்டனில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் இல்லை. 1215ஆம் ஆண்டின் மகா சாசனம், 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் போன்ற தனித்தனிச் சட்டங்களும் தீர்ப்புகளும் மரபுகளும் சேர்ந்தே அந்நாட்டை வழிநடத்துகின்றன. நியூசிலாந்தும் இத்தகைய ஏற்பாட்டை உடையது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டம், இன்றும் நடைமுறையில் உள்ள எழுதப்பட்ட தேசிய அரசமைப்புச் சட்டங்களுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது.

ஏட்டுச் சுரைக்காய்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. எழுத்தை எதிர்ப்போரின் வாதமும் இதுவே. எழுதப்படாமலே பிரிட்டனில் மக்களாட்சி நிலைத்திருக்கிறது. எழுதிவைத்த நாடுகள் பலவற்றில் கொடுங்கோன்மை தோன்றியிருக்கிறது. இவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், உயிர்வாழும் உரிமைக்காகவும் நீதிமன்றத்தை அணுக இயலாது என உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை தீர்ப்பளித்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். 21ஆம் பிரிவு ஏட்டில் இருந்தது, மக்களுக்கு உதவவில்லை.

எனினும், அக்கதை அங்கு முடியவில்லை. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், நெருக்கடிநிலையிலும் 21ஆம் பிரிவின் பாதுகாப்பை நிறுத்திவைக்க இயலாது என வரையறுத்தது. எழுதப்பட்ட இடத்தில்தான் ஓட்டை இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். தெரிந்த ஓட்டையைத்தான் அடைக்க முடியும்.

எழுதப்படாத வழக்காறும் எப்போதும் நீதியானது அன்று. ஊர்க்கூட்டத்தில் யார் பேசலாம், யார் பேசலாகாது என்பதையும் வழக்காறே முடிவு செய்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மைய அரசு அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. வழக்காற்றைக் காக்கும் அவ்விதியின் நிழலில், பழங்குடிப் பெண்கள் பலர் தந்தையின் நிலத்தில் பங்கின்றி நின்றனர். 2025 ஜூலையில், கோண்டு பழங்குடியைச் சேர்ந்த பெண் ஒருவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கில், 14ஆம் பிரிவு கூறும் சமத்துவத்தைச் சுட்டி அவர்களுக்குச் சமபங்கு உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்க்கூட்டத்தில் பேச இடமில்லாதவரும் விரல்வைத்துக் காட்டத்தக்க ஒரு வரி, ஏட்டில் இருந்தது.

எழுத்து விட்ட இடம்

எழுத்துக்கும் குறையுண்டு. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்னும் பெயருக்கு அருகே, பழைய சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்கள் மட்டுமே குறிக்கப்பட்டன. முன்னர்க் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள பர்கூர் மலையிலும் அதே மக்கள் வாழ்கின்றனர். மாவட்டப் பெயர் பட்டியலில் இல்லாமையால் பழங்குடிச் சான்றிதழ் கிட்டாது, பல்லாண்டுகளாக அவர்கள் கோரிக்கை எழுப்பி வருகின்றனர். மாவட்ட எல்லை ஒன்றே, ஒரு மலையின் பிள்ளைக்குக் கல்வி உதவியைத் தந்து மற்றொரு மலையின் பிள்ளைக்கு மறுக்கிறது.

இக்குறைக்கு வழியும் சட்டத்திலேயே உண்டு. 342ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் பட்டியலைத் திருத்தலாம். நீண்டநாள் கோரிக்கைக்குப் பின், 2022 டிசம்பரில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வடிவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. விடுபட்டவர் கேட்பதும் எழுத்தை அழிக்க வேண்டும் என்பதன்று. தம் பெயரையும் எழுத வேண்டும் என்பதே.

நினைவும் எழுத்தும்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகளில் கருதத்தக்க ஒரு கூறு உண்டு. நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்தமைக்குரிய சான்றுகளுள், ஊர்ப் பெரியோர் கூறி எழுத்தில் பதிவுசெய்யப்பட்ட வாக்குமூலமும் ஏற்கப்படுகிறது. பட்டாவின்முன் தோற்ற பாட்டன் சொல், இப்போது சட்டத்தின் முன் சான்றாக நிற்கிறது. அச்சொல்லுக்கு அந்த வலிமையைத் தந்தது எழுதப்பட்ட ஒரு விதி.

ஆகவே, நாட்டுக்கு எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் வேண்டும். வலிமையுடையோருக்கு அதன் தேவை குறைவு. அவர்கள் சொல்லே அவர்களுக்குப் போதும். அவையில் இல்லாதவர்க்கும், சிறுபான்மையினர்க்கும், இனிப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் எழுத்தைத் தவிர வேறு துணையில்லை. அவ்வெழுத்து கறிக்கு உதவும் காயாவது, அதைப் படித்துக் கேள்வி கேட்கும் குடிமக்களால்தான். 1988ஆம் ஆண்டின் 61ஆவது திருத்தம், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவர், இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வாக்குச்சாவடியின் வரிசையில் நிற்பர். அவர்களை அங்கு அழைத்துச் செல்வதும் எழுதப்பட்டு, பின்னர்த் திருத்தி எழுதப்பட்ட ஒரு வரியே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் எழுதப்படாமல் பின்பற்றப்படும் விதிகள் ஐந்தைத் தொகுத்து, அவை அனைவருக்கும் நீதி வழங்குகின்றனவா எனக் கலந்துரையாடுக.

2. ‘எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் நாட்டுக்குத் தேவை / தேவையில்லை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையைத் தமிழில் படித்து, அதில் உங்களைக் கவர்ந்த சொல்லைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.