வெட்டாமல் இருக்க, வெட்டத் தெரியணும்

"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்று ஒரு பழமொழி உண்டு. தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. இதில் இரண்டாவது பாதி தப்பு. பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்துவிட்டது. முதல் பாதி மட்டும் நூற்றுக்கு நூறு சரி. முருங்கை விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற ஜனங்கள், வாசலில் நிற்கிற மற்ற மரங்கள் விஷயத்தில் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்பதுதான் புரியாத புதிர்.

யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மரத்துக்கு இரண்டே நிலைமைதான். ஒன்று, "அது பாட்டுக்கு வளரட்டும்" என்று யாரும் தொடுவதே இல்லை. இன்னொன்று, ஒரு நாள் காலையில் ஆள் வந்து அடியோடு வெட்டிவிட்டுப் போகிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருபது, இருபத்தைந்து வருஷம் இருக்கிறது. அந்தக் காலத்தில் செய்ய வேண்டிய வேலைக்குப் பெயர்தான் கவாத்து.

முதலில் முருங்கை. அதன் கட்டை மென்மையானது; பாரம் தாங்காது. விட்டுவிட்டால் நெட்டையாகப் போய், தொரட்டிக்கும் எட்டாத உயரத்தில் காய்க்கும். காற்றடித்தால் மளுக்கென்று முறியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். விதை போட்டு சுமார் இரண்டு மாதத்தில், செடி 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடச் சொல்கிறார்கள். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு மேலே வெட்டிவிட்டால், மறுபடி தழைத்து நாலைந்து மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பழமொழி சொன்ன 'ஒடிப்பு' இதுதான்.

நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வருவது ஏன்? செடியின் உச்சியில் இருக்கிற மொட்டு, ஆக்சின் என்ற ஒரு பொருளைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வருகிற வரைக்கும், கீழே ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் இருக்கிற சின்ன மொட்டுகள் பேசாமல் தூங்கும். 1933-இல் கென்னத் திமன், ஃபோக் ஸ்கூக் என்ற இருவர் பீன்ஸ் வகைச் செடியின் உச்சியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். உச்சி இல்லாவிட்டாலும் கீழ் மொட்டுகள் கிளம்பவில்லை. ஆக்சின் தடவாத செடியில் கிளம்பின. உச்சியைக் கிள்ளுவது என்பது மேனேஜரை லீவில் அனுப்புவது மாதிரி :-) கீழே இருப்பவர்கள் எல்லாரும் தலை தூக்குவார்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்தில் ஒரு மரத்தின் தலையெழுத்தே இருக்கிறது என்பதற்கு, தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புறநகர்த் தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அடுத்தடுத்த இரண்டு வீடுகள். இரண்டு வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் காம்பவுண்டு ஓரமாக வேப்பங்கன்று வைத்தார்கள். முதல் வீட்டில் மரம் அது பாட்டுக்கு வளர்ந்தது. பத்து வருஷத்தில் பக்கத்து மாடியில் சருகு விழுகிறது என்று சண்டை. உடனே ஆள் கூப்பிட்டு, எல்லாக் கிளையையும் பாதியில் வெட்டி மொட்டை அடித்தார்கள். பார்க்க நறுவிசாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே மழையில் வெட்டிய ஒவ்வொரு முனையிலிருந்தும் பத்துப் பதினைந்து குச்சிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, இரண்டு வருஷத்தில் பழைய உயரத்துக்கே வந்துவிட்டன. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிய கதை. திரும்பவும் மொட்டை, திரும்பவும் கொத்து.

இரண்டாவது வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். அவர் கன்று இடுப்பளவு இருக்கும்போதே ஒரு வேலை செய்தார். உச்சியில் இரண்டு குருத்து போட்டி போட்டுக்கொண்டு ஒரே அளவில் வளர்ந்ததில், ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டார். அதன் பிறகு வருஷா வருஷம் ஆவணியில், வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்னால், ஒரு கைரம்பத்தோடு அரை மணி நேரம். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, மாடிப்பக்கம் திரும்புகிற சின்னக் கிளை, இவ்வளவுதான் எடுப்பார். எது எடுத்தாலும் விரல் தடிமனில் இருக்கும்போதே எடுத்துவிடுவார்.

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னைக்கு வந்த நாள். அந்த ஒரே நாளில் ஊர் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முதல் வீட்டு வேம்பில் கொத்தாக வளர்ந்த கிளைகள் அடியோடு பிய்த்துக்கொண்டு விழுந்தன. ஒன்று சன்ஷேடை உடைத்தது. அடுத்த வாரமே மரத்தையும் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டு வேம்பு இலையெல்லாம் உதிர்ந்து, சில சுள்ளிகளை இழந்து நின்றது. ஆனால் அந்த வீட்டிலும் பயம் வந்துவிட்டது.

"தெருவுல பாதி மரம் விழுந்துடுச்சுப்பா. இதையும் எடுத்துடலாம். ஆளு வந்திருக்கறப்பவே முடிச்சுடலாம்" என்றார் மகன்.

பெரியவர் வாதாடவில்லை. "விழுந்ததெல்லாம் எந்த எடத்துல முறிஞ்சிருக்குன்னு போய்ப் பாத்துட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றார்.

மகன் போய்ப் பார்த்தார். வேரோடு சாய்ந்தவை சில. சிமெண்டு போட்டு அடைத்த நடைபாதையில், ஒரு பக்கம் வேரே இல்லாமல் நின்றவை அவை. மற்றவற்றில் பெரும்பாலும் முறிந்த இடம், முன்பு மொட்டை அடித்த இடம். உள்ளே கறுத்து, கைவிட்டால் பொடியாக உதிர்கிற கட்டை. பக்கத்து வீட்டு வேம்பும் அப்படித்தான். மகன் திரும்பி வந்து ஆளை அனுப்பிவிட்டார். அந்த மரம் பிழைத்தது.

மொட்டை அடித்த இடம் ஏன் அழுகுகிறது? இதற்கான பதிலைத் தேடி வாழ்நாளைச் செலவழித்தவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ (1930–2006). ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து, பழைய காயங்கள் உள்ளே என்ன ஆயின என்று பார்த்தவர். 1977-இல் அவர் வெளியிட்ட கருத்தின் சாரம் இதுதான்: மனிதன் உடம்பு மாதிரி மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்டுப்போன கட்டை மறுபடி நல்ல கட்டை ஆகாது. அதைச் சுற்றி ஒரு தடுப்பு எழுப்பி, "இதுக்கு மேலே வராதே" என்று அடைத்துவிட்டு, மரம் வெளியே புதிதாக வளர்கிறது.

அந்தத் தடுப்பு நன்றாக எழும்புகிற இடம் ஒன்று உண்டு. எந்தக் கிளையானாலும், அது தண்டோடு சேருமிடத்தில் மோதிரம் போட்ட மாதிரி லேசாகத் தடித்திருக்கும். உற்றுப் பார்த்தால் தெரியும். அந்த மோதிரத்துக்கு வெளியே, அதை ஒட்டி வெட்ட வேண்டும். மோதிரத்தையும் சேர்த்து வழித்து வெட்டினால் தண்டுக்கே காயம். ஒரு முழம் கட்டையை நீட்ட விட்டால், அது காய்ந்து அழுகி, அழுகல் உள்ளே போக வழி ஆகிவிடும். நடுக்கிளையில் வெட்டுகிற மொட்டைக்கு இந்த மோதிரமே கிடையாது. அதனால் தடுப்பும் சரியாக அமைவதில்லை. அங்கே கிளம்புகிற புதுக் குச்சிகளுக்கும் பிடிமானம் மேலோட்டமாகத்தான் இருக்கும். காற்றுக்கு அவைதான் முதலில் போகும். வெட்டிய இடத்தில் தாரோ பெயிண்டோ பூசிவிட்டால் அழுகல் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நிற்காது என்பதும் ஷைகோ காட்டியதுதான்.

கொஞ்சம் கனமான கிளை என்றால் மூன்று வெட்டு. முதல் வெட்டு, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. இரண்டாவது, அதற்குக் கொஞ்சம் வெளியே, மேலிருந்து கீழாக. கிளை தன் பாரத்தில் விழும்போது, அந்த அடிவெட்டு இருப்பதால் தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகாது. மூன்றாவது வெட்டில், மிச்சமிருக்கிற கட்டையை மோதிரத்தை ஒட்டி எடுத்துவிடலாம். மின்கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற கிளையில் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். அதை மின்வாரியத்துக்குச் சொல்லி, இணைப்பை நிறுத்திய பிறகு, தெரிந்தவர்கள்தான் வெட்ட வேண்டும்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதைக் கணக்காகச் சொன்னால் சட்டென்று புரியும். மரத்துக்கு இலைதான் வருமானம். கட்டையிலும் வேரிலும் இருக்கிற மாவுச்சத்துதான் சேமிப்பு. மொட்டை அடித்தால் வருமானம் பூஜ்யம். உடனே இலை விட வேண்டும் என்ற அவசரத்தில், மரம் சேமிப்பை எல்லாம் எடுத்துச் செலவழிக்கிறது. தோட்டக்காரர் "பாத்தீங்களா, எப்படித் துளிர்க்குது!" என்று சந்தோஷப்படுகிற அந்தத் துளிர், லாபம் இல்லை, ஓவர்டிராஃப்ட். அதனால்தான் ஒரே தடவையில் மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சித்திரை வெயிலில் கைவைப்பதும் தப்பு. இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயில் பட்டால் வெந்து வெடிக்கும்.

எல்லா மரத்துக்கும் ஒரே தேதியும் கிடையாது. மா, முற்றிய கிளையின் நுனியில்தான் பூக்கும். கார்த்திகை, மார்கழியில் போய் நுனிகளை வெட்டினால் அந்த வருஷத்துப் பூவையே வெட்டியதாகிவிடும். காய் பறித்து முடித்ததும் செய்துவிட வேண்டும். கொய்யா அதற்கு நேர்மாறு. புதுத் துளிரில்தான் காய்க்கும். அளவாக வெட்டினால்தான் காய் கூடும். மல்லிகையை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுவார்கள். எலுமிச்சையில் அடித்தண்டிலிருந்து நேராகக் கிளம்புகிற வாதுகள் சாப்பிடும், ஆனால் காய்க்காது, பார்த்தவுடன் கிள்ளிவிடலாம். தென்னைக்கு இதெல்லாம் பொருந்தாது. அதற்கு ஒரே குருத்து. அது போனால் மரமே போச்சு.

வேலிக்கு வருவோம். கொங்குப் பக்கம் கிளுவை, மற்ற ஊர்களில் செம்பருத்தி, மருதாணி, ஆடாதொடை. எந்த வேலியானாலும் ஒரே புகார்தான்: "மேலே அடர்த்தியா இருக்கு, அடியில வழுக்கை. நாய் உள்ளே பூந்துடுது." காரணம் இரண்டு. முதலாவது, சீக்கிரம் உயரட்டும் என்று முதல் வருஷம் யாரும் வெட்டுவதில்லை. முழங்கால் உயரத்திலேயே நுனி வெட்டினால்தான் அடியிலிருந்து கிளை வரும். அடி வழுக்கையான பிறகு மேலே எவ்வளவு வெட்டினாலும் அடி அடைவது கஷ்டம். இரண்டாவது காரணம் வடிவம். பலரும் சுவர் மாதிரி நேராகவோ, குடை மாதிரி மேலே அகலமாகவோ விட்டுவிடுகிறார்கள். மேல்தழை கீழ்த்தழைக்கு வெயிலை மறைத்துவிடும். அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல் என்று வெட்டினால் அடி இலைக்கும் வெயில் கிடைக்கும். அடியும் பச்சையாக இருக்கும்.

கத்தரியை எடுப்பதற்கு முன் கிளைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள். சிட்டோ புல்புலோ கூடு கட்டியிருந்தால், குஞ்சுகள் பறக்கும் வரை வேலி கொஞ்சம் பரட்டையாக இருந்தால் குடி முழுகிவிடாது.

ஒழுங்காக வளர்த்த மரம் எந்தப் புயலிலும் விழவே விழாது என்று சொல்ல முடியாது. வேருக்கு இடம் இல்லாவிட்டால் எதுவும் சாயும். ஆனால் தெருவில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் "பயமா இருக்கு" என்று அடியோடு போகிற மரங்களில் எத்தனையோ, சின்ன வயதில் ஒரு கிளையை எடுத்திருந்தால் இன்றும் நின்றிருக்கும். மரத்தின் மேல் பாசம் இருக்கிறவர்கள்தான் "ஐயோ, கிளையை வெட்டலாமா" என்று தயங்குகிறார்கள். கடைசியில் அந்தத் தயக்கமே மரத்துக்கு எமனாகிறது.

வீட்டில் போன வருஷம் வைத்த கன்று ஏதாவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிஷம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். உச்சியில் இரண்டு குருத்து போட்டி போடுகிறதா? ஒன்றைக் கிள்ளிவிடுங்கள். இன்றைக்கு அதற்குக் கட்டைவிரல் நகம் போதும். பத்து வருஷம் கழித்துக் கைரம்பம் வேண்டும். இருபத்தைந்து வருஷம் கழித்து கிரேன் வரும், கூடவே அதற்கான பில்லும் வரும்.